வரிசையில் ஐந்து கடிதங்கள்

தினமும் காலை ஆறு மணிக்கு என் வீட்டு லினக்ஸ் கணினி எனக்கு ஒரு கடிதம் போடும். இரண்டே வரி. நேற்றிரவு பேக்கப் முடிந்தது, இத்தனை கோப்புகள் நகலாயின. பழைய மேசைக் கணினிதான்; திரையும் விசைப்பலகையும் இல்லாமல் புத்தக அலமாரியின் அடித்தட்டில், இன்வெர்ட்டர் தயவில் பத்து மாதமாக அணையாமல் ஓடுகிறது. அதன் கடிதத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. தினமும் வருவது ஒருநாள் வராமல் போனால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் படிக்காமலே அழித்துவிடுவேன். ஒரு ஞாயிறு மாலை வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: கடைசிக் கடிதம் வந்து இருபத்தொரு நாளாகிறது.

கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேக்கப்பும் நடந்திருந்தது. மடிக்கணினியிலிருந்து அதற்குள் நுழைந்தேன். நுழைந்ததும் வழக்கமாக வந்து விழும் நான்கைந்து அறிவிப்பு வரிகளைப் பார்க்காமல் தாண்டி, ‘மெயில்க்யூ’ என்று தட்டினேன். அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் பட்டியல் வந்தது. ஐந்து கடிதங்கள்; புதன் முதல் ஞாயிறு வரை, நாளுக்கு ஒன்று. அப்படியானால் மற்ற பதினாறு எங்கே?

வீட்டுக் கணினிக்குக் கடிதம் போடும் வேலை ஏன் என்று சிலர் கேட்கலாம். யூனிக்ஸ் பிறந்து வளர்ந்த காலத்திலிருந்தே, திரையில்லாமல் பின்னால் ஓடும் நிரல் எதற்கும் உரிமையாளரிடம் பேச இருந்த வழி மெயில்தான். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், ஹார்ட் டிஸ்க்கின் உடல்நலத்தைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி, எல்லாமே சொல்ல வேண்டியதை எழுதி ‘சென்ட்மெயில்’ என்ற நிரலிடம் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும். சென்ட்மெயிலை பெர்க்லியில் எழுதியவர் எரிக் ஆல்மன். பின்னால் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் 1995-இல் எக்ஸிமை எழுதினார், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வீட்ஸே வெனெமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998-இல் வெளிவந்தது. ஆனாலும் இவை எல்லாம் வாசலில் சென்ட்மெயில் என்ற பழைய பெயர்ப்பலகையைத்தான் மாட்டிவைத்திருக்கின்றன. நிரல்களுக்கு அந்த ஒரு கதவுதான் தெரியும். என் வீட்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது போஸ்ட்ஃபிக்ஸ்.

போஸ்ட்ஃபிக்ஸ் அடுத்த சர்வரோடு பேசும் மொழியின் பெயர் எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் அதன் விதிகளை எழுதி வெளியிட்டார். மனிதர் படித்தாலே புரியும் மொழி அது. அனுப்பும் கணினி வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்லும். இது இன்னாரிடமிருந்து, இது இன்னாருக்கு என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லும். பிறகு கடிதத்தை வாசிக்கும். ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். எதிர்முனை ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணால் பதில் தரும். முதல் இலக்கம் 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் இனி இதோடு வராதே.

கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் 250-ஐ நான் வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை. அது ஒரு வாக்கு. அதைச் சொன்ன சர்வர் கடிதத்துக்குப் பொறுப்பேற்றுவிட்டது. ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கு எழுத வேண்டும். நடுவில் தொலைத்துவிட்டுக் கையை விரிக்க விதியில் இடமில்லை. மெயில் பழுது பார்ப்பதில் எனக்கு இருக்கும் ஒரே துணிவும் இதுதான். எங்கே உடைந்திருந்தாலும் உடைந்த இடம் எங்காவது ஒரு வரி எழுதி வைத்திருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காணாமல் போன பதினாறைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, காத்திருந்த ஐந்தில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை. பழுது அதுவல்ல. 1982-இன் எஸ்.எம்.டி.பி.க்கு ஏழு பிட்டில் அடங்கும் ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆகவே தமிழ்த் தலைப்பு வேடம் போட்டுக்கொண்டுதான் பயணம் போகும். யூனிகோடில் ‘ப’வோ ‘ே’யோ ஒவ்வொன்றும் மூன்று பைட். பேஸ்64 என்ற மாற்றுமுறை மூன்று பைட்டை நான்கு ஆங்கிலக் குறிகளாக்கும். கணக்கு அச்சாகப் பொருந்துவதால், நடுவே இடைவெளி வரும்வரை ஒவ்வொரு தமிழ்க் குறியும் ‘4கே’ என்றே தொடங்கும். தலைப்பில் ‘4கே’ வரிசையாக வந்தால் உள்ளே தமிழ் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். (இந்திக்கும் வங்காளத்துக்கும் இதே அடையாளம்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை.)

இனி லாக். என் கணினியின் டெபியன் லினக்ஸில் அது ‘மெயில்.லாக்’ கோப்பில் இருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே, ‘ஒத்திவைக்கப்பட்டது, ரிலே சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிறகு முயல்க’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. டி.என்.எஸ். கோளாறு என்று நினைத்து அதே கணினியில் ‘டிக்’ கட்டளையால் அந்தப் பெயரைத் தேடினேன். கண் இமைக்குமுன் பதில் வந்தது. ஒரே கணினிதான், ஒரே பெயர்தான். நான் கேட்டால் கிடைக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டால் கிடைக்கவில்லை.

இந்த முடிச்சு அவிழப் போஸ்ட்ஃபிக்ஸின் உள்வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெனெமா பாதுகாப்பு விஷயத்தில் யாரையும் நம்பாதவர். தன் நிரலையே நம்பாதவர். ஆகவே போஸ்ட்ஃபிக்ஸ் ஒற்றை நிரல் அல்ல, சின்னச் சின்ன நிரல்களின் கூட்டம். வெளியுலகோடு பேசும் நிரலை, யாராவது ஏமாற்றிக் கைப்பற்றினாலும் வீடு முழுக்கத் திரிய முடியாதபடி ஓர் அடைவுக்குள் பூட்டிவைக்கலாம். இதற்கு ‘ச்ரூட்’ என்று பெயர். டெபியன் பல ஆண்டுகள் இந்தப் பூட்டோடுதான் போஸ்ட்ஃபிக்ஸைத் தந்துவந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியே இருக்கும் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பு தெரியாது. பெயர் விசாரிக்க எந்த முகவரிக்குப் போவது என்று சொல்லும் கோப்பு அதுதான். அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது அதன் பிரதி ஒன்று உள்ளே வைக்கப்படுகிறது.

மூன்று வாரத்துக்கு முன் நான் இணைய நிறுவனத்தை மாற்றியிருந்தேன். புது ஃபைபர் இணைப்பு, புது ரௌட்டர், புது முகவரி. கணினியின் எண்ணையும் ரிசால்வ்.கான்ஃபையும் கையாலேயே திருத்தினேன், நெட் வந்தது, எழுந்து போய்விட்டேன். உள்ளே பூட்டியிருந்த பிரதியில் பழைய ரௌட்டரின் எண் அப்படியே இருந்தது. குடிமாறிப் போன வீட்டின் கதவைப் போஸ்ட்ஃபிக்ஸ் மூன்று வாரமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே சரியாகியிருக்கும். இன்வெர்ட்டர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்கினால் போதும். ஆனால் அதற்கு முன் வரிசையில் இருந்த ஐந்தையும் ‘நிறுத்திவை’ நிலைக்கு மாற்றினேன். பட்டுக் கற்றது இது. தற்காலிகக் கோளாறில் தூங்கிக்கொண்டிருக்கும் கடிதங்களை அரைகுறைப் பழுதோடு எழுப்பினால், அடுத்த சர்வர் ஒரு 5-ஐச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே நொடியில் திருப்பிவிடலாம். சோதனைக்குப் புதுக் கடிதம் ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

நினைத்தபடியே 554 வந்தது. ‘உன் கடிதத்தைக் கடத்த உனக்கு இங்கே அனுமதியில்லை.’ சோதனைக் கடிதம் திரும்பியது. எங்கே திரும்பியது என்று அப்போது யோசிக்கவில்லை.

காரணம் எளியது. என் போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாக் கடிதத்தையும் பழைய இணைய நிறுவனத்தின் சர்வரிடம் கொடுக்கும்படி எப்போதோ அமைத்திருந்தேன். அந்தச் சர்வர் கடவுச்சொல் கேட்காது. தன் வாடிக்கையாளரின் முகவரியிலிருந்து வந்தால் வாங்கிக்கொள்ளும். நான் இப்போது வாடிக்கையாளன் இல்லை. ஒருகாலத்தில் எந்தச் சர்வரும் யாருடைய கடிதத்தையும் வாங்கி அனுப்பிவைத்தது; வழிப்போக்கனுக்குத் திண்ணை மாதிரி. எரித மெயில்காரர்கள் அந்தத் திண்ணையில் கடையே போட்டுவிட்டார்கள். 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9, அந்நியர் கடிதத்தைக் கடத்தாமல் இருப்பதையே இயல்பு நிலையாக்கியது. என்னைத் தடுத்த 554 அந்தக் கதவடைப்பின் வாரிசு.

சரி, நடுவில் யாரும் வேண்டாம் என்று ரிலே அமைப்பை எடுத்துவிட்டேன். விதிப்படி அதற்கு உரிமை உண்டு. பெறுபவரின் டொமைனுக்கான எம்.எக்ஸ். பதிவைப் பார்த்து, அது காட்டும் சர்வரின் 25-ஆம் போர்ட்டில் போய் நேராகக் கொடுக்கலாம். கொடுக்கப் போனது. முப்பது நொடி. ‘நேரம் கடந்தது.’ அடுத்த சர்வர், முப்பது நொடி, அதே வரி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இணைப்பு கிடைக்காமல் போவதில் இரண்டு வகை. தட்டியதும் ‘இங்கே யாரும் இல்லை, போ’ என்று உடனே மறுப்பு வருவது ஒன்று. அந்த முனையில் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை என்று பொருள். எந்தப் பதிலும் வராமல் நாமே அலுத்துத் திரும்புவது மற்றொன்று. நாம் அனுப்பிய முதல் பொட்டலத்தை வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். உறுதி செய்ய டெல்நெட் போதும். 25-இல் தட்டினேன், மௌனம். என் மெயில் நிறுவனத்தின் 587-ஆம் போர்ட்டில் தட்டினேன். 220 என்று வரவேற்பு வரி உடனே வந்தது. ஊர் முழுக்க வழி திறந்திருக்க, ஒரு சந்து மட்டும் அடைபட்டிருந்தது.

நேரம் கடந்தது என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ட்ரே ஹாரிஸ் சொன்ன கதை நினைவுக்கு வரும். 1990-களின் நடுவில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் மெயில் நிர்வாகியாக இருந்தவர். புள்ளியியல் துறைத் தலைவர் அவரை அழைத்து, எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மெயில் போகவில்லை என்றார். மெயில் அப்படி நடந்துகொள்ளாதே என்று ஹாரிஸ் சொல்ல, புள்ளியியல்காரர் அளந்து பார்த்ததைக் காட்டினார். ஹாரிஸும் சோதித்தார். 400 மைல் தள்ளியிருக்கும் பிரின்ஸ்டனுக்குப் போகிறது. 600 மைல் தள்ளியிருக்கும் மெம்பிஸுக்குப் போகவில்லை. 420 மைலில் நியூயார்க், போகிறது. 580 மைலில் பிராவிடன்ஸ், போகவில்லை.

நடந்தது இது: அந்தச் சர்வரின் இயங்குதளத்தை யாரோ புதுப்பித்தபோது சென்ட்மெயில் 8 போய்ப் பழைய சென்ட்மெயில் 5 வந்து உட்கார்ந்துவிட்டது. அமைப்புக் கோப்பு மட்டும் 8-க்கானது. அதிலிருந்த நீளமான பெயர்களைப் புரிந்துகொள்ளாத 5, அவற்றைத் தாண்டிவிட்டது. இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் பூச்சியமாகிவிட்டது. அந்தக் கணினியின் வழக்கமான சுமையில் பூச்சியம் என்பது நடைமுறையில் 3 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். 3 மில்லிநொடியில் ஒளி போகும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர், அதாவது 560 மைலுக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி மெதுவாகத்தானே போகும், போய்த் திரும்பவும் வேண்டுமே என்று கணக்குப் பிடிப்பவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயம், சொன்னவரும் சில விவரங்களை மாற்றியே சொன்னதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தக் கதையில் பிடித்தவர் புள்ளியியல் துறைத் தலைவர்தான். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதையும் அளந்து பார்த்து, அளந்ததை அப்படியே சொன்னார்.

என் வீட்டுச் சந்தை அடைத்தது யார்? புது இணைய நிறுவனம். கோபப்படவும் முடியவில்லை. 2003-இல் பரவிய சோபிக் போன்ற புழுக்கள் வீட்டுக் கணினிகளுக்குள் குடியேறி, சொந்தமாகவே எஸ்.எம்.டி.பி. பேசி, உரிமையாளருக்குத் தெரியாமல் உலகத்துக்கெல்லாம் மெயில் அனுப்பின. வீடுகளிலிருந்து 25-ஆம் போர்ட் வழியாக நியாயமான கடிதம் எதுவும் போவதில்லை என்ற முடிவுக்கு உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் வந்தன. சந்து திறந்திருந்தாலும் எனக்குப் பயன் இருந்திருக்காது. ரௌட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தேன், 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தது. ஐ.பி.வி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைக்கும் ஏற்பாட்டுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அந்தப் பொது முகவரியில் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கணினி கெட்டாலும் கெட்ட பெயர் எனக்கும் சேர்த்துத்தான். போதாததற்கு ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள், இவை வீட்டு முகவரிகள், இங்கிருந்து நேராக மெயில் வந்தால் ஏற்க வேண்டாம் என்று தனிப் பட்டியலே வைத்திருக்கின்றன. 1982-இன் மொழியில் எல்லாக் கணினியும் சமம். இன்று மொழி அதேதான். முகவரியைப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. வீட்டிலிருந்து நேராகக் கடிதம் கொடுக்கும் முயற்சியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மீதி இருந்த வழி 587. கடிதத்தைச் சர்வருக்குச் சர்வர் கடத்துவதும், ஒரு பயனர் தன் கடிதத்தைத் தன் சர்வரிடம் ஒப்படைப்பதும் வேறு வேறு வேலை என்று 1998 டிசம்பரில் பிரித்து, இரண்டாவதற்குத் தந்த போர்ட் அது. இங்கே முகவரி முக்கியமில்லை, கடவுச்சொல்தான் முக்கியம். என் மெயில் நிறுவனத்தின் சர்வரை ரிலேயாக வைத்தேன். இனி சில்லறைத் தடைகள். ‘தகுதியான வழிமுறை எதுவும் இல்லை’ என்றது லாக். கடவுச்சொல் தப்போ என்று நான்கு தடவை திரும்பத் தட்டியவர்களில் நானும் ஒருவன். உண்மையில் கடவுச்சொல்லைச் சொல்லத் தேவையான ‘லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ்’ என்ற பொதியே கணினியில் இல்லை. அதை நிறுவியதும் 535: கடவுச்சொல் செல்லாது. நாம் கையால் தட்டும் கடவுச்சொல்லை இப்போது பல நிறுவனங்கள் நிரல்களிடமிருந்து வாங்குவதில்லை. கூகுள் 2022 மே இறுதியிலிருந்து நிறுத்திவிட்டது. அதற்கென்று தனியாகச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். எடுத்தேன். (பழைய ராஸ்பெரி பையில் இதைச் செய்பவர்கள் கடிகாரத்தையும் பாருங்கள். ஐந்தாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் மின்சாரம் போனால் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. தேதி பின்னால் போயிருந்தால் எதிர்முனையின் சான்றிதழ் இன்னும் பிறக்காததாகத் தெரியும், இணைப்பு முறியும்.)

கடைசித் தடை அனுப்புநர் பெயர். கடிதத்துக்குள் எழுதும் பெயர் வேறு, உறைமேல் எழுதும் பெயர் வேறு, மெயிலிலும் அப்படித்தான். என் கணினி உறைமேல் தன் உள்வீட்டுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தது. உலகத்தில் அப்படி ஒரு டொமைன் இல்லை. இன்னின்ன கணினிகள்தான் என் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன்கள் அறிவிக்கும் எஸ்.பி.எஃப். போன்ற ஏற்பாடுகள் வந்த பிறகு, இல்லாத டொமைனின் கடிதத்தை மதிப்பார் இல்லை. வெளியே போகும்போது உள்வீட்டுப் பெயரை நீக்கி என் உண்மையான முகவரியை எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். சோதனைக் கடிதம் போனது. 250. கைப்பேசி அதிர்ந்தது. நிறுத்திவைத்த ஐந்தையும் விடுவித்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஐந்தும் வந்து விழுந்தன.

இரவு பதினொன்று. பதினாறு பாக்கி.

விடை போஸ்ட்ஃபிக்ஸின் பொறுமையில் இருந்தது. 4 வகைக் கோளாறென்றால் அது ஐந்து நிமிடத்தில் மறுபடி முயலும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், 4,000 நொடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் தொடரும். ஐந்து நாள் கழித்துக் கைவிடும். அதனால்தான் வரிசையில் எப்போதும் ஐந்து கடிதம். ஆறாவது நாள் கடிதம் விதிப்படி அனுப்பியவருக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் கடிதத்தின் உறையில் அனுப்புநர் இடம் வேண்டுமென்றே காலியாக விடப்படும். இல்லையென்றால் திரும்பியதே திரும்பி, இரண்டு சர்வர்கள் விடிய விடியப் பந்தாடிக்கொண்டிருக்கும். அனுப்பியவர் யார்? என் கணினியில் என் கணக்கு. வெளியே போக வழி தேவையில்லாத முகவரி. ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு வருவதையும் அங்கேயே போடச் சொல்லியிருந்தேன்.

வெளியேறி மறுபடி நுழைந்தேன். இந்தமுறை அறிவிப்பு வரிகளைப் படித்தேன். கடைசி வரி, ‘உங்களுக்கு மெயில் இருக்கிறது.’

உள்பெட்டியைத் திறந்தேன். மாலை திரும்பிய சோதனைக் கடிதம். திரும்பிவந்த பதினாறு பேக்கப் கடிதங்கள். அவற்றுக்கு நடுவே நான் எதிர்பார்க்காத ஒன்று, ஸ்மார்ட்டி எழுதியது. ஒரு குறைக்கு ஒரே தடவை எழுதினால் போதும் என்று நான்தான் அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். பதினெட்டு நாளுக்கு முந்தைய தேதி. பேக்கப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் 8 என்று எழுதியிருந்தது.

இப்போது எத்தனை என்று கேட்டேன். 112 என்றது. கடை காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.